ஹைடெக் லேபில் கணக்குப் பாடம்: எது நிலைத்தது, எது அலமாரிக்குப் போனது

வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் கைத்தறி லுங்கி, பீடி, தீப்பெட்டி வேலை. 2018-இல் புதிய பாடநூல்கள் க்யூஆர் கோடுகளோடு வந்தன. அதன் பிறகு எங்களுக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் வந்தது. கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் பாடங்களைக் காணொளிகளாகத் தரும் மணற்கேணி செயலியும் வந்தது. வந்த எல்லாவற்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கும் இளம் கணக்கு ஆசிரியர்களுக்கு இது உதவும்.

என் வகுப்பில் உறுதியாக நிலைத்தது, வரைபடங்களையும் வடிவங்களையும் திரையில் வரைந்து அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் தம் முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. நம் கணக்குப் பாடநூல்களில் வரும் 'இணையச் செயல்பாடு' பகுதிகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் பயன்படுத்தக் காசு கிடையாது. ஒரு முறை கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது குணத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் ஒன்றைக் கரும்பலகையில் போட ஒரு பாடவேளை போய்விடும். அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளிகள் எல்லாம் முடிந்து மணி அடிக்கும்போது பலகையில் ஒரே ஒரு பரவளையம் நிற்கும். சமன்பாட்டில் ஓர் எண் மாறினால் வளைவு என்ன ஆகும் என்று கேட்பதற்கு நேரமே இருக்காது. ஜியோஜீப்ராவில் மாறிலி உறுப்பை ஸ்லைடரில் (இழுத்தால் எண் மாறும் நகர்த்தியில்) கட்டி மெல்ல நகர்த்துகிறேன். எக்ஸ் அச்சை இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டிருந்த வளைவு மேலே ஏறுகிறது. வெட்டும் புள்ளிகள் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகின்றன. அடுத்த நகர்வில் வளைவு அச்சைத் தொடாமலே மேலே போய்விடுகிறது. 'மூலங்கள் மெய், சமமற்றவை', 'மூலங்கள் மெய், சமம்', 'மெய் மூலங்கள் இல்லை' என்று தனித்தனியாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மூன்று வரிகளும் ஒரே நகர்வில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. மூலங்களின் தன்மையைச் சொல்லும் தன்மைகாட்டி (b² − 4ac) எப்போது பூச்சியம் ஆகும் என்று நான் கேட்பதற்குள், "மிஸ், ரெண்டு புள்ளியும் ஒட்டுகிற இடத்தில்தானே?" என்று பின் வரிசையிலிருந்து குரல் வருகிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஆனால் திரையோடு விட்டுவிட்டால் தேர்வில் அந்த 8 மதிப்பெண் வராது. மறுநாள் வரைபடத்தாளும் பென்சிலும் கட்டாயம். திரையில் ஏற்கெனவே பார்த்த பிள்ளை, தான் வரையும் வளைவு கோணலாகப் போனால் தானே கண்டுபிடித்து அழித்துவிட்டு மறுபடி வரைகிறது. முன்பெல்லாம் அதை நான்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

எல்லாப் பாடத்துக்கும் திரை வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அளவியலில் கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக்கோணப்பகுதியைச் சுருட்டினால் கூம்பு. வட்டத்தின் ஆரம் சாயுயரம் ஆகிறது, வில்லின் நீளம் அடிச்சுற்றளவு ஆகிறது. இதை அசைவூட்டப் படமாக அழகாகக் காட்டும் காணொளிகள் இருக்கின்றன. நானும் காட்டினேன். பிள்ளைகள் ரசித்துப் பார்த்தார்கள், மறுநாள் கேட்டால் ஆரத்தையும் சாயுயரத்தையும் குழப்பினார்கள். பழைய நாட்காட்டித் தாளை வெட்டிக் கொடுத்து, அவர்களே சுருட்டிப் பசை ஒட்டிய பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை. கையால் செய்ய முடிகிற ஒன்றுக்குத் திரையைத் தேடாதீர்கள். கரும்பலகையில் அசைக்க முடியாததை அசைத்துக் காட்டத்தான் கணினி வேண்டும்.

முக்கோணவியலில் ஏற்றக்கோணம் வரும்போது இரண்டையும் கலக்கிறேன். ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியின் உயரத்தை ஒரு குழு கோணமானி, நூல், சிறு கல் ஆகியவற்றைக் கொண்டு செய்த கருவியால் அளக்கும். இன்னொரு குழு என் கைப்பேசியிலுள்ள சாய்வுமானியால் அளக்கும். இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றாக வரும்போது நூலும் கல்லும் பிடித்த குழுவுக்கு வருகிற பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்! விடை விலகினாலும் நல்லதே. கண் மட்டத்து உயரத்தைக் கூட்ட மறந்தது யார் என்ற விவாதம் தானாகத் தொடங்கிவிடும்.

லேபைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் பத்துக் கணினிகள். நாற்பது பிள்ளைகள் வந்தால் ஒரு கணினிக்கு நான்கு பேர். வீட்டில் கைப்பேசியைக் கையாண்டு பழகிய பையன் மவுஸை முதலில் பிடித்துக்கொள்வான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் மவுஸ் கைமாற வேண்டும் என்று விதி வைத்தேன். முதலில் தயங்கிய பெண்களில் சிலர் இப்போது ஸ்லைடரைத் தாங்களே உருவாக்குகிறார்கள். எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த விதியை ஆசிரியர்தான் போட வேண்டும்.

காணொளிப் பாடங்களில் மணற்கேணி எனக்குப் பிடித்திருக்கிறது, தமிழில் கலைச்சொற்கள் பாடநூலில் இருப்பது போலவே வருவதால். முழுதாக ஓடவிடுவதில்லை. பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறேன். நிறுத்தாமல் ஓடினால் பிள்ளைகளுக்கு அது தொலைக்காட்சிதான். பாடநூலின் க்யூஆர் கோடுகளை வகுப்பில் திறக்க முயல்வதில்லை. சிக்னல் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் இரவே வீட்டில் திறந்து, வேண்டியதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தெரிந்துகொண்ட உண்மை ஒன்றை இன்றும் மறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் காலையில் அனுப்பிய கணக்குக்கு இரவு பத்து மணிக்கு மேல் விடைகள் வரத் தொடங்கும். தறி மேடையில் உட்கார்ந்து எழுதிய விடைத்தாளின் படத்தில் நூல் இழைகள்கூடத் தெரியும். கைப்பேசி இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடத்தை அதிலிருந்து நான் கொடுப்பதே இல்லை. பத்தாம் வகுப்பாக இருந்தாலும் கொடுப்பதில்லை.

பயிற்சிகளும் நிறைய நடந்தன. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் கருத்தாளர்கள் திரையில் காட்டியதைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஆனால் கைக்கு வந்தது பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவரோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பழகியதால்தான். தமிழில் தட்டச்சு செய்யும் தமிழ்99 விசைப்பலகை முறையும் அவரிடம் கற்றதுதான். பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள் வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக மாறிவிடும். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரியவைக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பள்ளிகளில் பழைய கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. புதியவர்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். பல ஆண்டுகள் கழித்தும் உங்கள் வினாத்தாள் உங்களுக்குப் பயன்படும்.

ஒரு மனக்குறை உண்டு. வருகைப் பதிவு, மதிப்பெண் பதிவு, நலத்திட்டப் பதிவு என்று செயலிகளில் நிரப்பும் வேலை முதல் பாடவேளையைத் தின்கிறது. மாற்றுச் சான்றிதழ் எடுப்பது முன்பைவிட எளிதாகியிருப்பது உண்மைதான். ஆனால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னலுக்காக மைதானத்தில் நடக்கும் ஆசிரியரால் அந்த நேரத்தில் ஸ்லைடரை நகர்த்திக் காட்ட முடியாது. பதிவேற்றத்துக்குத் தனியாக ஓர் ஊழியரைக் கொடுத்தால் லேப் இப்போதைவிட இரு மடங்கு பயன்படும் என்று நம்புகிறேன்.

இனி, வேலூர்க்காரர்களுக்கு மட்டுமே புரியும் ஒரு சிக்கல். புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும், பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும். மார்ச் பிறந்துவிட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்பது பேரை உட்காரவைக்க முடியாது. திறந்தால் திரை வெளுத்துப்போகிறது. மின்சாரம் போனால் யுபிஎஸ் கணினிகளைத் தாங்கும், மின்விசிறியைத் தாங்காது. அதனால் கோடையில் லேப் வகுப்பைக் காலை முதல் இரண்டு பாடவேளைகளுக்குள் முடிக்கத் தலைமையாசிரியரிடம் கேட்டு அட்டவணையை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கு என்ன வாங்கித் தரலாம் என்று முன்னாள் மாணவர்கள் கேட்கும்போது, புதிய கணினி வேண்டாம் என்கிறேன். மின்விசிறி ஓடும் அளவுக்கு ஓர் இன்வெர்ட்டர், ஜன்னலுக்குப் பாதி உயரத்தில் கட்ட அடர்நிறத் திரைச்சீலை, இந்த இரண்டும் போதும். திரைச்சீலைக்குத் துணி நெய்து தருவதாக ஒரு மாணவனின் அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்வெர்ட்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.