கூத்துக் களரியில் கொம்பிரசரா, ஒலியை அடையாளம் காணும் மொடலா?

மட்டக்களப்பில் வடமோடிக் கூத்துக்கு மைக் வைத்தால் மத்தளம் எகிறும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டு அமுங்கும். கொம்பிரசர், அதாவது ஒலி மிகும்போது தானே குறைக்கும் கருவி, அந்த எகிறலைச் சில மில்லிசெக்கனில் பிடித்துவிடும். ஆனால் அதற்கு ஒலியின் அளவு மட்டும்தான் தெரியும். ஒரே மைக் என்றால் மத்தளத்தோடு பாட்டையும் குறைத்துவிடும். எனக்கு அதுதான் மனவருத்தம். சொல் கேட்காத கூத்து என்ன கூத்து!

யாம்நெட் (YAMNet) என்ற செயற்கை நுண்ணறிவு மொடல் 521 வகை ஒலிகளை அடையாளம் காணும். பாட்டு நின்று கைதட்டல் வந்தால், ஒலி அளவை வீணாக ஏற்றாமல் பிடித்து வைக்க அது உதவும். ஆனால் ஒரு முடிவுக்கு 0.96 செக்கன் ஒலி வேண்டும். அதற்குள் மத்தள அடி விழுந்து முடிந்திருக்கும். அப்புறம், அதன் பட்டியலில் தபேலா உண்டு, நம் மத்தளம் இல்லை.

களரியில் நேரடியாக ஒலிக்க நான் கொம்பிரசரையே வைப்பேன், மத்தளத்துக்குத் தனி மைக்கோடு.