தரநிலைப் பாடத்துக்கு எது தாங்கும்: வீடியோவா, எழுத்தா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ பொறியியலும் கணினியும் கற்பிக்கும் நம்மவர்களிடம், தொழில்நுட்பத் தரநிலைகள் (ஒரு பொருளோ முறையோ எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் ஆவணங்கள்) பற்றி ஆன்லைன் பாடம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னால், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். பாடம் பதிவு செய்த வீடியோக்களின் மேல் நிற்பதா, எழுத்துப் பக்கங்களின் மேல் நிற்பதா? நாங்கள் எழுத்தை எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதையே சொல்வோம். ஆனால் வீடியோவுக்கென்று சில இடங்கள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

வீடியோவின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: முகம் தெரியும், குரல் கேட்கும், மாணவர்களுக்குத் தனியாக உட்கார்ந்து படிக்கிற எண்ணம் வராது. டேட்டா கணக்கும் புதிதல்ல. 720பி தரத்தில் நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 11 மெகாபைட், ஐந்து மணி நேரத்துக்கு 3.4 கிகாபைட். அதே பாடம் எழுத்தும் கோட்டுப் படமுமாக 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். 2022, 2023ல் லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நேரங்களில் கைப்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். இறக்கி வைத்த ஒரு பிடிஎஃப், கரண்ட் போனாலும் திறக்கும்.

இவ்வளவும் இருந்தும், முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வேறு பாடங்களில் இது இரண்டாம் கேள்வியாக இருக்கலாம். தரநிலைப் பாடத்தில் இதுவே முதல் கேள்வி, ஏனென்றால் பாடப்பொருளே திருத்தப்படுவதற்கென்று பிறந்தது. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரநிலை ஒவ்வொன்றும் ஐந்தாண்டுக்குள் ஒருமுறை மறுபரிசீலனைக்கு வந்தே தீரும். தொடர்வதா, திருத்துவதா, திரும்பப் பெறுவதா என்று அப்போது முடிவாகும்.

ஐ.எஸ்.ஓ.வும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யும் சேர்ந்து வெளியிட்ட தகவல் பாதுகாப்புத் தரநிலை, ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 27001ஐப் பாருங்கள். 2013 பதிப்பின் இணைப்பு 'ஏ'யில் 14 தலைப்புகளின் கீழ் 114 கட்டுப்பாடுகள் இருந்தன. 2022 பதிப்பில் 4 தலைப்புகளின் கீழ் 93. பழைய எண்ணிக்கையை வாயால் சொல்லிவைத்த ஒன்பது நிமிட வீடியோ ஒன்று உங்களிடம் இருந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? அதே மைக், அதே அறை, அதே குரல் மறுபடி கிடைக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மட்டும் ஒட்டினால் ஒட்டு காதில் உறுத்தும். வசனவரியை மாற்ற வேண்டும். எச்5பி மென்பொருளில் செய்த, இடையிடையே கேள்வி வரும் ஊடாட்ட வீடியோவாக இருந்தால் கேள்விகள் நொடிக்கணக்கில் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் 12 நொடி குறைந்தால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் 12 நொடி தள்ளி வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் கையால் நகர்த்த வேண்டும். எழுத்துப் பக்கத்தில் இதே வேலை இரண்டு எண்களை மாற்றுவதோடு முடிந்துவிடும். கட்டுப்பாடுகளை விளக்கும் பகுதியைத் திருத்தி எழுதுவது தனி வேலை, அது இரண்டு வழியிலும் உண்டு.

பெரிய மாற்றத்தையாவது யாரும் கவனித்துவிடுவார்கள். ஆளை ஏமாற்றுவது சின்ன மாற்றம். தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001:2015க்கு 2024 பிப்ரவரியில் திருத்தம் 1 வந்தது. பிரிவு 4.1ல் ஒரு வாக்கியமும் 4.2ல் ஒரு குறிப்பும் சேர்ந்தன, இரண்டும் பருவநிலை மாற்றம் பற்றியவை. ஒரு வரிக்காக யார் ஸ்டுடியோவுக்குப் போவார்கள்? 'அடுத்த செமஸ்டரில் பார்க்கலாம்' என்று தள்ளிவைப்பார்கள். மூன்று செமஸ்டர் கழித்துப் பாடமும் தரநிலையும் வேறு வேறாக நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் இணையத் தரநிலைகளுக்கும் இதே கதிதான். அவை ஆர்.எஃப்.சி. என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளியாகின்றன. இணையத்தில் தரவு பிழையில்லாமல் போய்ச்சேர உதவும் டிசிபி நெறிமுறையை வரையறுத்த 1981ன் ஆர்.எஃப்.சி. 793 நாற்பது ஆண்டு நிலைத்தது. 2022ல் அதன் இடத்துக்கு 9293 வந்தது.

எழுத்தைத் தேர்ந்துவிட்டால் பராமரிப்பு தானாக நடந்துவிடாது. நாங்கள் பரிந்துரைக்கும் முறை இது. ஒரே ஒரு அட்டவணைக் கோப்பில் தரநிலை எண், நடப்புப் பதிப்பு, திருத்தம், கடைசியாகச் சரிபார்த்த நாள், எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பவை இருக்கட்டும். பாடப் பக்கங்களில் பதிப்பு ஆண்டை நேரடியாக எழுதாமல், அட்டவணையிலிருந்து எடுத்து நிரப்பும்படி ஒரு குறி வையுங்கள். பக்கங்களை மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்து, கோப்பு வடிவம் மாற்றும் பேன்டாக் வழியாக மூடில் என்ற பாடத் தளத்துக்கும் பிடிஎஃபுக்கும் இ-பப்புக்கும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கலாம். செமஸ்டர் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது அட்டவணையை வரிசையாகச் சரிபாருங்கள். ஐ.எஸ்.ஓ. தளத்தில் ஒவ்வொரு தரநிலைக்கும் ஒரு கட்ட எண் இருக்கும். 60.60 என்றால் வெளியாகிவிட்டது. 90.20 என்றால் மறுபரிசீலனையில் இருக்கிறது, 90.93 என்றால் அப்படியே தொடர்கிறது. 90.92 என்றால் திருத்தப்போகிறார்கள். 95.99 திரும்பப் பெறப்பட்டது. 90.92ஐக் கண்டால் அந்த அலகுக்கு அடுத்த ஆண்டு நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. துணை ஆசிரியர் ஒருவர் எழுத்துப்பிழையை மூடில் பக்கத்திலேயே நேராகத் திருத்திவிடுவார். மூலக் கோப்பில் அந்தப் பிழை அப்படியே இருக்கும். அடுத்த முறை பக்கங்களை ஏற்றும்போது அவர் திருத்தியது அழிந்து பழைய பிழை திரும்பி வரும். பக்கம் திருத்தும் உரிமையை ஒருவரிடம் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்கு அது பராமரிப்புக்கு அடுத்தபடியாக முக்கியம். இந்தப் பாடத்தில் மாணவர் கற்க வேண்டிய திறமையே ஆவணத்தைப் படிப்பதுதான். தரநிலைகளின் ஆங்கிலத்தில் 'ஷல்' (shall) என்றால் கட்டாயம், 'ஷுட்' (should) என்றால் பரிந்துரை, 'மே' (may) என்றால் அனுமதி, 'கேன்' (can) என்றால் இயலும் தன்மை. தமிழில் யோசிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் 'வேண்டும்' முதல் இரண்டையும் விழுங்கிவிடும், 'செய்யலாம்' அடுத்த இரண்டையும் விழுங்கிவிடும். இணையத் தரநிலைகளில் இத்தகைய சொற்களுக்குப் பொருள் வகுக்கும் ஆர்.எஃப்.சி. 2119, 8174 இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவற்றைச் சுட்டும் ஆவணங்களில் இந்தச் சொற்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தச் சிறப்புப் பொருள் என்பது விளங்கும். ஒரு பக்கத்தை எதிரே வைத்து ஒவ்வொரு 'ஷல்'லையும் கோடிட்டால்தான் இது கைக்கு வரும். வீடியோவில் யாரோ கோடிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது. தென்னாப்பிரிக்கக் கணக்கில் 16 கிரெடிட் பாடம் என்றால் 160 மணி நேர உழைப்பு. ஐந்து மணி நேர வீடியோ இருந்தால், பாடமே அவ்வளவுதான் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

காப்புரிமையிலும் எழுத்துக்கே வசதி. விலைக்கு வாங்கிய ஐ.எஸ்.ஓ., சான்ஸ் (தென்னாப்பிரிக்கத் தேசியத் தரநிலை) பிரதிகளை மூடிலில் ஏற்ற முடியாது, திரையில் பக்கம் பக்கமாகக் காட்டிப் பதிவு செய்வதும் ஆபத்து. ஐ.எஸ்.ஓ.வின் ஆன்லைன் தளத்தில் முன்னுரை, எல்லை, கலைச்சொல் விளக்கம் ஆகியவற்றை இலவசமாகப் படிக்கலாம். அதற்கு இணைப்புக் கொடுங்கள், முழு ஆவணத்துக்கு நூலக உள்நுழைவைக் காட்டுங்கள். முழுதாகப் படிக்க வைப்பதற்கு ஆர்.எஃப்.சி.களை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி எழுதும் முறைக்கு ஐ.எஸ்.ஓ. 8601க்குக் காசு வேண்டும், அதைத் தழுவிய ஆர்.எஃப்.சி. 3339 இலவசம்.

இனி வீடியோ வெல்லும் இடங்கள். கையில் பிடித்துக் காட்ட வேண்டிய பொருளுக்கு வீடியோ இல்லாமல் முடியாது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் தடித்த மூன்று உருளை முனை பிளக்கையும் புதிய சான்ஸ் 164-2 பிளக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புதியது சிறியது, முனைகள் 4.5 மில்லிமீட்டர் கனம், நில முனை மற்ற இரண்டின் நேர்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் விலகி நிற்கும். தலைகீழாகச் செருக முடியாமல் செய்வது அந்த விலகல்தான். இதன் வேர் 1986ன் ஐ.இ.சி. 60906-1. அதைத் தழுவிய மற்றொரு நாடு பிரேசில், ஆனால் அவர்கள் முனையின் கனத்தை மாற்றிவிட்டார்கள். ஒரு சர்வதேசத் தரநிலை தேசியத் தரநிலை ஆகும்போது என்ன நேர்கிறது என்பதை நான்கு நிமிட வீடியோ நன்றாகவே சொல்லிவிடும். பிளக்கின் வடிவம் அடுத்த ஆண்டு மாறிவிடாது என்பதால் தைரியமாகப் பதிவு செய்யலாம். வீட்டு மின் வயரிங்குக்கான சான்ஸ் 10142-1 தானாகச் சட்டம் ஆகவில்லை, மின் நிறுவல் ஒழுங்குமுறைகள் அதைச் சுட்டுவதால்தான் கட்டாயமாகிறது என்பதை மட்டும் எழுத்தில் வையுங்கள். டர்பனில் வீடு விற்று சிஓசி (மின் நிறுவல் விதிப்படி இருக்கிறது என்ற) சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு அந்தப் பக்கம் உடனே புரியும்.

வாக்கெடுப்புக் கணக்குக்கும் ஒரு சிறு வீடியோ போதும். ஐ.எஸ்.ஓ. வரைவு தேற, வாக்களித்த பி உறுப்பினர்களில் (குழுவின் வேலையில் நேரடியாகப் பங்கேற்கும் நாடுகளில்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், மொத்த வாக்கில் எதிர்ப்பு கால் பங்கைத் தாண்டக் கூடாது. 20 பேரில் 4 பேர் ஒதுங்கினார்கள், 11 ஆதரவு, 5 எதிர்ப்பு என்று வையுங்கள். ஒதுங்கியவர்களைக் கழித்தால் 16. ஆதரவு மூன்றில் இரண்டைத் தாண்டுகிறது, ஆனால் எதிர்ப்பு 31 சதவீதம், வரைவு தோற்கிறது. மாணவர்கள் முதல் நிபந்தனையோடு நின்று 'தேறிவிட்டது' என்று எழுதுவார்கள். எதிர்த்தவர்களில் இருவர் தொழில்நுட்பக் காரணம் தராவிட்டால் அந்த வாக்குகள் கணக்கில் வராது. 14ல் 3 எதிர்ப்பு, வரைவு தேறிவிடும்.

இதையே பயிற்சியாக நடத்தும்போது கருத்துப் படிவம் எழுத்தில்தான் இருக்க வேண்டும்: பிரிவு எண், கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், மொழிநடை), கருத்து, முன்மொழியும் மாற்றம். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டு வருபவர்களுக்குப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். 20 பேர் கொண்ட குழுவுக்கு இந்தப் பயிற்சி நன்றாகப் பொருந்துகிறது. 200 பேர் வகுப்பை 20 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால் நடக்கும் என்றே நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் செயலாளராக உட்கார ஓர் ஆள் வேண்டும், அந்தச் செலவைத் துறையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.