தொப்பூர் இறங்கும் முன் நிறுத்துங்கள்: ஊருக்கு வந்த இடத்தில் கார் நின்றுபோனால்

பெங்களூரில் விமானம் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ஊர் திரும்பும் நம் ஆட்கள் பெரும்பாலும் வாடகைக் காரையோ, சொந்தக்காரர் வீட்டுக் காரையோ நம்பித்தான் கிளம்புகிறார்கள். வழியில் நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற கவலைதான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. அது அவ்வளவு பெரிய கவலை இல்லை. 44-ஆம் எண் நெடுஞ்சாலை லாரிகளை நம்பி வாழும் சாலை. ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் பஞ்சர் கடைகள் இதில் உண்டு. பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நின்றால், கேட்காமலே வண்டியை நிறுத்தி விசாரிப்பவர்களும் உண்டு. கவலைப்பட வேண்டியது உதவி வந்து சேரும்வரை உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான். வண்டி எங்கே நிற்கிறது, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் அதில் முக்கியம்.

100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் 40 மீட்டர் போய்விடும். அதன்பிறகு நிற்க இன்னும் 50, 60 மீட்டர் வேண்டும். இது கார் கணக்கு. லோடு லாரிக்கு இன்னும் கூடும். அதனால் ‘வண்டி நிற்கிறது’ என்று எச்சரிக்கும் முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் 100 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நடந்து பார்த்தால் ஏறக்குறைய 130 எட்டு. பத்தடியில் வைத்தால் அது வண்டியோடு சேர்ந்து நசுங்கத்தான் உதவும். வளைவு என்றால் வளைவுக்கு முன்னால் வையுங்கள். மேடு ஏறி இறங்கும் இடம் என்றால் மேட்டுக்கு அந்தப் பக்கம். வைக்கப் போகும்போது சாலை ஓரமாக நடக்காமல் இரும்புத் தடுப்புக்கு வெளியே நடங்கள். பலகையின் முகம் வரும் வண்டிகளைப் பார்த்திருக்கட்டும்.

நான்கு விளக்கும் மின்னும் ஹஸார்டு லைட்டை உடனே போடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நம் ஊரில் மழை பெய்தாலும் அதைப் போடுவார்கள், நாற்சந்தியில் நேராகப் போகவும் போடுவார்கள். பின்னால் வருபவர் ‘இவன் நிற்கிறான்’ என்று எடுத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அமெரிக்கா, வளைகுடா நாடுகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பதற்றத்தில் கை தானாக வண்டியை வலப்பக்கம் ஒடிக்கும். இங்கே வலப்பக்கம் இருப்பது மீடியன், அதாவது சாலை நடுவிலுள்ள தடுப்பு. வேகமாக முந்துபவர்களின் பாதை. இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். சர்வீஸ் ரோடோ, பஸ் நிற்கும் இடமோ கண்ணில் பட்டால் டயர் போனாலும் பரவாயில்லை, உருட்டிக்கொண்டு அதுவரை போய்விடுங்கள். ஒரு டயரும் ரிம்மும் போனால் காசோடு போகும். நின்ற பிறகு எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு வெளியே, வண்டிக்குக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்றால், பின்னாலிருந்து ஏதாவது இடித்தால் நம் வண்டியே நம் மேல் வந்து ஏறும். தூங்குகிற குழந்தை, முட்டி வலி பாட்டி என்று யாரையும் உள்ளே விட்டுவைக்கக் கூடாது. சாலை ஓரத்தில் எதிர்த்திசையில் டூவீலர்கள் வரும். இறங்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

பலகை இல்லாத லாரிக்காரர்கள் பெரிய கல்லையும் மரக்கிளையையும் வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி சரியானதும் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். இரவில் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல் எமன். நீங்கள் கல் வைக்க நேர்ந்தால் கிளம்பும்முன் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் அழைக்க வேண்டிய எண் 1033. இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் அதன் வழியே வரும். அந்தக் கிரேனின் வேலை உங்கள் காரைப் பாதையிலிருந்து அகற்றிப் பாதுகாப்பான இடத்தில் விடுவது. அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு, அல்லது இன்சூரன்ஸில் சாலையோர உதவி எடுத்திருந்தால் அவர்கள் பொறுப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் 108, போலீஸுக்கு 112. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். மேலே மஞ்சள் பூசிய கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். கூடவே ‘சேலம் போகிற பக்கம்’, ‘கிருஷ்ணகிரி போகிற பக்கம்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் மீடியன் இருப்பதால், பக்கம் மாறினால் அவர்கள் அடுத்த திருப்பம்வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இனி தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் திசையில், பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கணவாய் இறக்கம் தொடங்கும். வளைவும் இறக்கமும் சேர்ந்த இடம். பிரேக் பிடிக்காத லாரிகளால் இரட்டைப் பாலம் பக்கம் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. வண்டியில் ஏதோ சரியில்லை என்று அதியமான்கோட்டையிலோ நல்லம்பள்ளியிலோ தோன்றினால், சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். சுங்கச்சாவடியில் விளக்கு வெளிச்சமும் ஆட்களும் இருக்கும், இடமும் இருக்கும். அங்கேயே ஓரங்கட்டுங்கள். கணவாய்க்குள் நிற்கிற கார், பிரேக் சூடேறிய லாரிகளின் பாதையில் நிற்கிற கார்.

இறங்கும்போது மூன்றாம் கியர், கூட்டம் இருந்தால் இரண்டாம் கியர். ஆட்டோமேட்டிக்கில் எல் அல்லது மேனுவல் முறை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம்தான் இங்கே பல லாரிகளைக் கவிழ்த்தது. எஞ்சின் பிடித்து இழுக்காதபோது முழுப் பாரமும் பிரேக்கில் விழும். காரில் பிரேக் சூடேறினால் பிரேக் திரவம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சுபோல் தரையில் போய் முட்டும். எரிந்த வாடை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. பெடல் போய்விட்டால் வேகவேகமாக மிதித்து மிதித்து விடுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், பட்டனை அழுத்தியபடி மெல்ல மெல்ல இழுங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

ஏற்றத்தில் வேறு தொல்லை. சேலத்திலிருந்து தொப்பூர் ஏறும்போதும், கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதும்தான் கார்கள் சூடேறி நிற்கும். ஓசூர் கிருஷ்ணகிரியைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஐந்து பேர், பெட்டி படுக்கை, மே மாத வெயில், ஏசி முழு வேகத்தில்: எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதில் அதிசயம் இல்லை. முள் நடுவைத் தாண்டியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்குங்கள். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஒதுங்கி உடனே அணைத்துவிடுங்கள். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போகும். நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது எஞ்சின் வேலையாகிவிடும்.

ரேடியேட்டர் மூடியை அரைமணி, முக்கால் மணி நேரம் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். எஞ்சின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும், கையை விடாதீர்கள். ஆறிய பிறகு துணி போட்டு மூடியைக் கால் சுற்று திறந்து, ‘உஸ்’ சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறக்கலாம். அவசரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடித்துவிட்டுக் கூலண்ட் போட வேண்டும். ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகினால் ஹோஸோ ரேடியேட்டரோ போயிருக்கிறது. ஒழுகவில்லை, ஏசி போட்டும் ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

டயர் விஷயத்தில் வாடகைக் கார்களின் பலவீனம் ஸ்டெப்னி. டிக்கியில் இருக்கும், காற்று இருக்காது. வண்டி எடுக்கும் இடத்திலேயே ஸ்டெப்னிக்குக் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோணப் பலகை நான்கையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சில புது கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட்தான் கொடுப்பார்கள். அதிலுள்ள திரவ பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. பக்கச் சுவர் கிழிந்தால் அந்தக் கிட்டால் பயனில்லை.

மாற்றும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவறுவது இரண்டு மூன்று இடத்தில். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்த வேண்டும்; தூக்கிய பிறகு திருகினால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். சாலை ஓரத்து மண்ணில் ஜாக்கி புதையும், கீழே ஒரு பலகைத் துண்டு வேண்டும். மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும். முடுக்கும்போது வட்டமாக வராமல் எதிரெதிராக முடுக்குங்கள், 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் அதன் மேல் 80 என்று எழுதியிருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள்.

பஞ்சர் கடையில் ட்யூப்லெஸ் டயருக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. ஆணியைப் பிடுங்கி, ஊசியால் குடைந்து, ஸ்ட்ரிப்பைச் செருகி, மிச்சத்தை வெட்டினால் பத்து நிமிடத்தில் முடியும். ‘அண்ணே, இன்னும் மூணு பஞ்சர் இருக்குண்ணே’ என்று சொன்னால், சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றிலும் குமிழ் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் கேட்காமலே காட்டுவார். டயரை அவரிடம் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது. கார்டு செல்லாது, வெளிநாட்டு எண்ணில் யுபிஐ இல்லாதவர்கள் நூறும் ஐந்நூறுமாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கார்களில் வருவது பேட்டரி. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றுவிட்டு, நீங்கள் வந்த அன்று செல்ஃப் எடுக்காது. சாவி திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து அடித்து டாஷ்போர்டு விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்கு பிரகாசமாக இருந்து ஒரே ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் கோளாறு. முதலில் டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பூஞ்சை படிந்திருக்கிறதா பாருங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் முடுக்கினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும்.

ஜம்பர் கேபிள் போடும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவ முன்வரும் லாரிக்காரரின் பேட்டரி 24 வோல்ட், உங்கள் கார் 12 வோல்ட். நல்ல மனசோடு கொடுத்தாலும் அது காரின் மின்னணுப் பெட்டிகளைச் சுட்டுவிடும். இன்னொரு காரைத்தான் கேட்க வேண்டும். சிவப்பு முதலில் இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி. கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும், பேட்டரி வாயுவிலிருந்து அது விலகியிருக்க வேண்டும். நான்கைந்து நிமிடம் காத்திருந்து செல்ஃப் அடியுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி யாரும் எழுப்ப முடியாது. அதே ஆட்டோமேட்டிக்கையும் மின்சாரக் காரையும் கயிறு கட்டியும் இழுக்கக் கூடாது, முழுதாகத் தூக்கி வைக்கும் ஃபிளாட்பெட் வண்டிதான் கேட்க வேண்டும். எந்த ஒர்க்‌ஷாப், மொத்தம் எவ்வளவு, டோல் யாருடையது என்பதை ஏற்றும்முன் பேசிவிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையிலும், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டுக்குள்ளும் மேலே சொன்ன ‘இறங்கி வெளியே நில்லுங்கள்’ செல்லாது. அங்கே யானை நடமாட்டம் உண்டு. ஓரங்கட்டி, கண்ணாடி ஏற்றி, வண்டிக்குள்ளேயே இருங்கள். யானை தெரிந்தால் ஹாரன் அடிப்பதும், ஹெட்லைட்டை மினுக்குவதும், போன் வெளிச்சத்தில் படம் எடுப்பதும் வேண்டாம். சிக்னல் இல்லாத இடங்கள் இருக்கும். வருகிற பஸ்ஸை நிறுத்தி நடத்துனரிடம் சொல்லி அனுப்புவதுதான் நடைமுறை.

அடிபட்டவர் இருந்தால் பணக் கணக்கு பார்த்து நேரத்தை விடாதீர்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலிட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டவரும் இதில் அடக்கம். அடிபட்டவருக்கு உதவியவர், விருப்பமில்லாவிட்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இதைத் தயங்கி நிற்கும் ஊர்க்காரர்களிடமும் சொல்லுங்கள், தூக்க இன்னும் இரண்டு கை வரும்.

வாடகைக்கு எடுக்கும் காரின் நம்பர் பலகையையும் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வருவதற்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தவர் மூலம் வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.