பிழைச் சுட்டியை அச்சிட எது ஏற்றது: %பிஇ-யா, %எல்டி-யா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஒரு செயற்கூறு தோல்வியுற்றால், பல வேளைகளில் அது -1 முதல் -4095 வரையிலான பிழை எண்ணைச் சுட்டியாகவே (நினைவக முகவரியாகவே) வேடமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அதைப் பதிவில் எழுத %எல்டி (%ld) என்ற எண் அச்சுக் குறியுடன் எண்ணை அச்சிடுவதா, 5.5 பதிப்பில் வந்த %பிஇ (%pe) என்ற பிழைச் சுட்டி அச்சுக் குறியைப் பயன்படுத்துவதா என்று, வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதுவோர் தயங்குகிறார்கள்.

தெளிவு: %எல்டி "-12" என்று மட்டும் காட்டும்.
%பிஇ "-இநோமெம்" (நினைவகம் போதவில்லை) என்று பெயரையே காட்டுவதால், நள்ளிரவில் பதிவைப் படிப்பவர் எண் பட்டியலைத் தேட வேண்டியதில்லை.

பாதுகாப்பு: இதுவே எனக்கு முதன்மையானது. சரியான சுட்டி ஒன்று தவறுதலாக %எல்டி வழியே போனால் கெர்னலின் உண்மையான முகவரி பதிவில் கசிந்துவிடும். %பிஇ-யோ அதைச் சாதாரணச் சுட்டி அச்சுக் குறியான %பி-யாகவே கருதுவதாலும், 4.15 பதிப்பு முதல் %பி முகவரியை ஹாஷ் செய்தே (உண்மை முகவரி தெரியாதபடி வேறொரு மதிப்பாக மாற்றியே) அச்சிடுவதாலும், அந்தப் பிழை தீங்கின்றிக் கடந்துபோகும்.

வெற்றுச் சுட்டி (எதையும் சுட்டாதது): %எல்டி வெறும் 0 என்கிறது, அது வெற்றி என்றே வாசிக்கப்படும்.
%பிஇ 64 பிட் கணினியில் 16 பூச்சியங்களை அச்சிடுகிறது. ஆயினும் வெற்றுச் சுட்டியைத் தனியே சோதித்துத் தனிச் செய்தி எழுதுவதே நேர்மையான வழி.

செலவு: பெயர்ப் பட்டியல் கெர்னலில் ஏறத்தாழ 3 கேபி கூட்டும். அதை நீக்கிக் கட்டினால் %பிஇ எண்ணையே காட்டும்.

புதிய குறிமுறைக்கு %பிஇ; 5.5-க்கு முந்தைய கெர்னலிலும் ஓட வேண்டிய டிரைவருக்கு, பிழைதானா என்று சோதித்த பிறகு, %எல்டி.