மழை ஒழுகிய சீலிங்கும் மூன்று வார விடுமுறையும்

வீடியோ காலில் அம்மா காட்டியபோது அது டீக்கறை மாதிரிதான் தெரிந்தது. டிசம்பர் 14 காலையில் திருச்சி வீட்டுக்கு வந்து மாடி ஹாலில் நிமிர்ந்து பார்த்தால், ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து சுவர் வரை மஞ்சள் படர்ந்திருக்கிறது. நடுவில் சீலிங்கின் ஜிப்சம் போர்டு வயிறு தள்ளி நிற்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி விரலால் அழுத்தினேன். நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. நேர் கீழேதான் அப்பா மத்தியானத்தில் சாய்ந்து பேப்பர் படிக்கிற நாற்காலி. முதல் வேலையாக அதை நகர்த்திப் போட்டேன். ஜனவரி 4 எனக்குத் திரும்புகிற விமானம்.

நியூஜெர்சியில் நான் இருக்கும் வீட்டில் உள்சுவர் என்றாலே இந்த ஜிப்சம் போர்டுதான். மரச்சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, இரண்டு பக்கமும் நாலுக்கு எட்டு அடி போர்டை முடுக்கிவிடுவார்கள். ஓட்டை விழுந்தால் டப்பாவில் பட்டி வாங்கி வந்து நானே அடைப்பேன். நம் ஊரில் சுவர் செங்கல், தளம் கான்கிரீட். ஜிப்சம் பெரும்பாலும் தளத்துக்குக் கீழே தொங்கும் ஃபால்ஸ் சீலிங்கோடு சரி. கேட்க வேண்டிய பெயரும் வேறு. அமெரிக்காவில் சொல்கிற பழக்கத்தில் 'டிரைவால் வேலை' என்று போனில் சொன்னதும் ஒருவர் மொட்டைமாடிக்கு வாட்டர் புரூஃப் அடிக்க விலை சொல்ல ஆரம்பித்தார். 'ஜிப்சம் சீலிங்' என்று கேளுங்கள். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள், ஆனால் அது ஈரமாகக் குழைத்துப் பூசுகிற வேலை, செய்கிற கை வேறு. போர்டு என்பது இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் அடைத்து ஆலையிலிருந்து வருவது. இங்கே வழக்கமாகக் கிடைப்பது ஆறுக்கு நாலு அடி, 12.5 மில்லிமீட்டர் கனம்.

முதலில் வந்தவர் வாசற்படியிலிருந்தே அண்ணாந்து பார்த்தார். டேப் வைத்து ஹாலை அளந்தார், 340 சதுர அடி. முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட அடிக்கு 110 ரூபாய், மொத்தம் 37,400, பாதி அட்வான்ஸ், நான்கு நாளில் முடியும் என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அது மழைத் தண்ணி சார், மழைதான் நின்னுடுச்சே" என்றார். வெளிநாட்டுக்காரன் என்று விலை ஏற்றினாரா என்று எனக்குத் தெரியவும் இல்லை, கவலையும் இல்லை. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்காமலே விலை சொன்னாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. வந்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் சரியான வழி தோன்றியது. போர்டு விற்கும் கடைக்கே போய், "உங்களிடம் மாதா மாதம் சரக்கு எடுக்கிறவர்களில், வேலை சுத்தமாகச் செய்கிறவர் யார்?" என்று கேட்டேன். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. எவர் சட்டத்துக்கு மெல்லிய தகடு கேட்கிறார், எவர் ஜாயிண்ட்டுக்குப் பேப்பர் டேப் வாங்காமலே போகிறார் என்பதெல்லாம் அவர் கல்லாவிலேயே தெரிந்துவிடும். அவர் கொடுத்த நம்பரில் பேசினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு தம்பி வந்து நின்றார். முப்பது வயது இருக்கலாம். கூட பீகாரிலிருந்து வந்த இரண்டு பையன்கள்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு தயக்கம். "மார்கழி பிறந்தாச்சு தம்பி, புது வேலை எதுவும் ஆரம்பிக்கக் கூடாதே." அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இது ரிப்பேர்தாம்மா. உடம்பு சரியில்லேன்னா மார்கழின்னு டாக்டர்கிட்ட போகாம இருப்போமா?" அம்மா காபி போட உள்ளே போய்விட்டார்.

அவர் வேலை பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விலை பேசுவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் சீலிங்கை அங்கங்கே தட்டினார். நல்ல இடத்தில் 'டொக்' என்று கேட்டது, ஊறிய இடத்தில் சத்தமே இல்லை. பென்சிலால் அந்த எல்லையை வரைந்தார். ஹாலில் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்தார். போன் டார்ச்சை உள்ளே நீட்டி, "அண்ணே, நீங்களே பாருங்க" என்று ஏணியை எனக்கு விட்டுக்கொடுத்தார். தளத்தின் அடியில் ஈரம் ஒரு நாட்டுப்படம் மாதிரி விரிந்திருந்தது. சட்டத்தைத் தாங்கும் தொங்கு பட்டைகளில் இரண்டை ஆங்கர் போல்ட் போடாமல் வெறும் ஆணி அடித்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆணி துருப்பிடித்துப் பாதியாகத் தேய்ந்திருந்தது. எட்டு வருஷமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார் அப்பா.

மொட்டைமாடியில் தட்டோட்டின் வாட்டம் ஒரு மூலையில் சரியில்லை. மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைப் பக்கத்து வீட்டு வேப்பிலை அடைத்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே தண்ணீர் தேங்கி, கைப்பிடிச் சுவர் சேரும் இடத்து விரிசல் வழியே இறங்கியிருக்கிறது. "இதைச் சரி பண்ணாம நான் போர்டு போட்டா அடுத்த ஐப்பசிக்கு என்னையே திட்டுவீங்க. முதல்ல கொத்தனார் வேலை, அப்புறம்தான் என் வேலை" என்றார். வந்த வேலையைத் தள்ளிப்போட்டு வேறொருவருக்கு வேலை கொடுக்கச் சொல்கிறவரிடம் வீட்டை நம்பி விடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

குழாய் வாயை அடைத்து, மூலையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். முதல் நாள் இரவே கீழே வெட்டிய சதுரத்துக்குள் சொட்டு விழுந்தது. கொத்தனார் வந்து அந்தப் பக்கத்துத் தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் எடுத்து, சுவர் ஓரத்தில் வாட்டர் புரூஃப் கலவை வைத்துப் பூசி மறுபடி பதித்தார். மூன்று நாள், 14,000 ரூபாய். மறுபடி தண்ணீர் கட்டினோம், சொட்டவில்லை. தளம் காய்வதற்காகச் சீலிங்கைத் திறந்தே விட்டோம்.

காய்கிற நாட்களை வீணாக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரவில் ஆள் தங்க வேண்டியிருக்கிறது. ஹாலின் ஒரு ஓரத்தில் பத்தடிக்கு ஒன்பதடி தடுப்பு போடச் சொன்னேன். இரண்டடிக்கு ஒரு தகட்டுச் சட்டம், இரண்டு பக்கமும் போர்டு, உள்ளே கண்ணாடிப் பஞ்சு. அடிக்கு 140 ரூபாய், 12,600. போர்டு மூடுவதற்கு முன் நான் கேட்டு வைத்தது ஒன்று: அப்பா பிடித்து நடக்கிற கைப்பிடி வரும் உயரத்தில் உள்ளே பிளைவுட் பலகை. வெறும் ஜிப்சத்தில் ஸ்க்ரூ போட்டால் ஆள் பாரத்துக்கு அது பெயர்ந்து வந்துவிடும். இதை மூடிய பிறகு நினைத்துப் பயனில்லை.

சீலிங்குக்குப் பச்சை போர்டு போடலாமா என்று கேட்டேன். "அது ஈரக்காத்தைத் தாங்கும்ணே, ஒழுகுற தண்ணியத் தாங்காது. பாத்ரூமுக்குப் போடலாம், இங்கே சாதா போதும்." உண்மைதான். ஊறிய பகுதியை எட்டடிக்கு ஆறடியாக நேர்க்கோட்டில் வெட்டி எடுத்தார், சரியாக இரண்டு போர்டு. வெட்டிய விளிம்பு அந்தரத்தில் நிற்காதபடி ஓரங்களில் புதிதாகச் சட்டம் கொடுத்தார், ஆங்கர் போட்டுத் தொங்கவிட்டார். ஆணியில் தொங்கிய பழைய பட்டைகளையும் மாற்றினார். ஸ்க்ரூ தலை தாளைக் கிழிக்காமல் கொஞ்சமே உள்ளே இறங்க வேண்டும். ஒன்று ஆழமாகப் போய்விட்டால் அந்தப் பீகார் பையன் தானாகவே இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டான், யாரும் சொல்லவில்லை.

ஜாயிண்ட்டில்தான் பொறுமை வேண்டும். முதலில் பட்டி, அதன் மேல் பேப்பர் டேப்பை அழுத்தி உள்ளே காற்று நிற்காமல் தகட்டால் இழுத்தார். காய்ந்தபின் இரண்டாவது, கொஞ்சம் அகலமாக. மறுநாள் மூன்றாவது, இன்னும் அகலமாக. கடைசியில் உப்புத்தாள். பல்பைச் சுவரோரமாகப் பிடித்து, வெளிச்சம் படுக்கையாக விழும்போது மேடு தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு இடத்தில் தெரிந்தது. என் கண்ணுக்குப் படவே இல்லை. அவர் அதையும் தேய்த்தார். ப்ரைமர், பெயிண்ட் தனி. சீலிங் வேலைக்கு மட்டும் 9,500.

பக்கத்துப் பெரம்பலூர் பக்கம், காரை என்ற ஊரின் ஓடைகளில் மண்ணுக்கு நடுவே ஜிப்சம் பளபளவென்று கோடு கோடாக ஓடும். பள்ளியில் படிக்கும்போது கூட்டிப்போய்க் காட்டினார்கள். நகத்தால் கீறினாலே கோடு விழும் அந்தக் கல்லை டவுசர் பையில் போட்டு வந்தது, அவர் தேய்த்த மாவு முகத்தில் படிந்தபோது நினைவுக்கு வந்தது.

போர்டு மூடுவதற்கு முன் சட்டங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து ரிப்பேர் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நாளைக்கு அம்மா ஒரு லைட் மாட்டச் சொன்னால், அங்கிருந்தே சரியான இடத்தைச் சொல்ல முடியும். ஃபேன் மட்டும் எப்போதும் தளத்துக் கொக்கியில்தான் தொங்க வேண்டும். அதையும் அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினார்.

டிசம்பர் 31 சாயங்காலம் கணக்கு முடித்தோம். மொத்தத்தில் 3,000 ரூபாயை மட்டும் அடுத்த மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தயங்கித்தான் கேட்டேன். முகம் கோணாமல் சரி என்றார். அம்மா அதைக் கவரில் போட்டு பீரோவில் வைத்தார். "ஐப்பசி பொறந்ததும் நானே வர்றேம்மா. மாடி ஏறி அந்த வேப்பிலையை அள்ளிட்டு, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையன்களோடு பைக்கில் கிளம்பினார். அப்பா நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்.