குறுங்கதைப் போட்டி நடத்தப் போகிறீர்களா? 55 சொல்லா, 100 சொல்லா, லைக்கா, நடுவரா?

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம் என்று எங்கே நடத்தினாலும், குறுங்கதைப் போட்டியின் தரம் பரிசுத் தொகையால் அமைவதில்லை. எத்தனை சொல், என்ன தூண்டுதல், எவ்வளவு அவகாசம், யார் தேர்ந்தெடுப்பது என்ற நான்கையும் எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் கதைகள் வந்து சேரும். "எல்லாரும் கடைசி வரித் திருப்பத்தையே எழுதுகிறார்கள்" என்று அலுத்துக்கொள்ளும் அமைப்பாளர் முதலில் தன் விதிகளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே அலசுவது 20 முதல் 60 பேர் வரை எழுதக்கூடிய குழுவுக்கானது. அதைவிடப் பெரிய போட்டிக்கு வேறு கணக்கு.

நீளம்: இங்கேதான் பாதி வெற்றி

புழக்கத்தில் மூன்று அளவுகள் உண்டு. 55 சொல் கதை 1987-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரத்து 'நியூ டைம்ஸ்' வார இதழ் நடத்திய போட்டியிலிருந்து கிளம்பியது. சரியாக 100 சொல்லில் நிற்க வேண்டிய 'டிராபிள்' 1980-களில் பிரிட்டனின் அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தில் உருவானது. மூன்றாவது, நம் வார இதழ்கள் பழக்கிவிட்ட ஒரு பக்கக் கதை. அதற்குக் கறாரான எண் இல்லை. போட்டிக்கென்று வைத்தால் 300 சொல் என்று கொள்ளலாம்.

55 சொல்லில் ஆளைச் சொல்லி, இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி தீர்ந்துவிடும். மிச்சத்தில் ஓர் அதிர்ச்சியோ ஒரு சிரிப்போதான் அடங்கும். அதனால்தான் அந்தப் போட்டிகளில் 'கடைசியில் பார்த்தால் அவர் செத்துப்போனவர்' வகைக் கதைகள் குவிகின்றன. 100 சொல்லில் ஒரு காட்சி, அதற்குள் ஒரு மனமாற்றம் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். 300 சொல்லில் இரண்டு பாத்திரங்கள் பேசிக்கொள்ளலாம், காலமும் நகரலாம். ஆனால் வாசிப்புச் சுமை ஏறிவிடும். 40 கதை வந்தால் 12,000 சொல். நடுவர் இரண்டு முறை படித்தால் 24,000. அதே 40 பேர் 100 சொல்லில் எழுதினால் ஒரு சுற்றுக்கு 4,000 சொல்தான், ஒரே மாலையில் படித்துவிடலாம்.

எங்கள் தேர்வு 100. ஆனால் 'சரியாக 100' வேண்டாம். '80 முதல் 100 வரை' என்று வையுங்கள். இதற்குக் காரணம் தமிழின் அமைப்பு.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'அவன் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்த போது' என்று எழுதினால் ஐந்து சொல். 'அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது' என்று எழுதினால் மூன்று. இரண்டையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். 100 சொல் கதையில் இப்படி ஆறு இடம் இருந்தால் சேர்த்து எழுதுபவருக்குப் பத்து, பன்னிரண்டு சொல் இலவசமாகக் கிடைத்துவிடும். வரம்பை ஒட்டி எழுதுகிறவர்கள் சீக்கிரமே இதைக் கண்டுபிடித்து, 'என்றானவன்' என்றெல்லாம் ஒட்ட ஆரம்பிப்பார்கள். சரியாக 100 என்று வைத்திருந்தால் கதையைப் பற்றிய பேச்சு போய், எண்ணிக்கையைப் பற்றிய சண்டை வந்து சேரும்.

இதற்குப் பதிலாகச் சிலர் எழுத்து எண்ணிக்கையை வைக்கிறார்கள். சேர்த்தாலும் பிரித்தாலும் எழுத்து அதேதானே என்ற எண்ணம் சரிதான். ஆனால் கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி. 'கொடு' நமக்கு இரண்டு, அதற்கு நான்கு. உயிர்மெய்யில் வரும் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 2017 நவம்பரில் ட்விட்டர் வரம்பை 280 ஆக்கியபோதும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உண்மையில் கிடைத்தது அதைவிடக் குறைவான எழுத்துகள்தான். கூகுள் ஃபார்மில் 'அதிகபட்சம் 600 எழுத்து' என்று பூட்டினால், கதை 400 எழுத்தைத் தொடும் முன்பே சிவப்பு எச்சரிக்கை வந்துவிடும். எழுதியவர் நம்மைத்தான் திட்டுவார்.

எழுத்து வரம்புதான் வேண்டும் என்றால், கூகுள் ஷீட்டில் ரெஜெக்ஸ் ரிப்ளேஸ் (REGEXREPLACE, குறிப்பிட்ட வகைக் குறிகளை மொத்தமாக மாற்றும் ஃபார்முலா) கொண்டு துணைக்குறிகளையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு எண்ணலாம். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இரண்டிரண்டாக வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கை எழுதுகிறவர் தன் போனில் சரிபார்க்க முடியாது. தானே சரிபார்க்க முடியாத விதியால் போட்டியாளருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ஆகவே சொல் எண்ணிக்கையே மேல். கூடவே எழுத்து நடை விதி ஒன்றை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்: 'கொண்டிரு, விடு, இரு முதலிய துணைவினைகளும், போது, தான், கூட ஆகியவையும் முன்சொல்லோடு சேர்ந்தே எண்ணப்படும், எழுவாயையும் பயனிலையையும் ஒட்டி எழுதினால் இரண்டாக எண்ணப்படும், தலைப்பு கணக்கில் இல்லை.' இந்த வாக்கியம் இருந்தால் தகராறில் முக்கால்வாசி எழாது.

எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. ஷீட்டில் ஸ்ப்ளிட் (SPLIT, துண்டாக்குவது), கவுன்ட்ஏ (COUNTA, துண்டுகளை எண்ணுவது) இரண்டு ஃபார்முலாக்களையும் சேர்த்து இடைவெளியை வைத்து எண்ணுவது வழக்கம். வரி முறிவை அது இடைவெளியாகப் பார்க்காது. 15 வரி உரையாடலாக எழுதிய கதையில் 14 சொல் குறைத்துக் காட்டும். முதலில் வரி முறிவை இடைவெளியாக மாற்றிவிட்டு எண்ண வேண்டும். தனியாக நிற்கும் கோடும் ஒரு சொல்லாக எண்ணப்படும், அதையும் நீக்குங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்தது ஃபார்மில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 'யூனிகோட் மட்டும்' என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தூண்டுதல்: படம், முதல் வரி, கட்டாயச் சொல்

படம் கொடுத்தால் புதியவர்கள் துணிந்து எழுத வருவார்கள். குறை என்னவென்றால், பாதிப் பேர் படத்தை வர்ணித்தே சொற்களைச் செலவழிப்பார்கள். மனித முகம் இல்லாத படம், அதுவும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும் படம் (பாதி மூடிய கடை ஷட்டர், ஒற்றைச் செருப்பு) நன்றாக வேலை செய்கிறது. படம் குழுவில் ஒருவர் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போடாதீர்கள்.

முதல் வரியைக் கொடுப்பது எளிது, ஆனால் சிறிய வடிவத்தில் விலை அதிகம். ஏழு சொல் வரி 55 சொல் கதையில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மேலும் 40 கதைகளும் ஒரே மாதிரி தொடங்கினால் படிப்பவர் சீக்கிரம் சோர்ந்துபோவார். கடைசி வரியைக் கொடுப்பது அதைவிட மோசம். எல்லாக் கதையும் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கும்.

கட்டாயச் சொல்தான் எங்களுக்குப் பிடித்தது. அமெரிக்காவின் என்.ஒய்.சி. மிட்நைட் அமைப்பு தன் நுண்கதைப் போட்டியில் ஒரு வகைமை, ஒரு செயல், ஒரு சொல் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறது. குழுவுக்குச் செயலும் சொல்லும் போதும்: 'ஒருவர் எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டும், சாவி என்ற சொல் வர வேண்டும்' என்பதுபோல. சொல்லைத் தேர்வதில் கவனம் தேவை. 'மரம்' கொடுத்தால் கதையில் 'மரத்தில்' என்று வரும். 'வீடு' கொடுத்தால் 'வீட்டில்'. தேடிப் பார்த்தால் அகப்படாது, 'இது செல்லுமா?' என்ற கேள்வியும் வரும். இகரத்திலோ ஐகாரத்திலோ முடியும் சொல் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. சாவி, சாவியை, சாவியால். குடை, குடையை, குடைக்குள் எல்லாவற்றிலும் மூலச்சொல் அப்படியே இருக்கும். 'உருபு ஏற்கலாம், சாவிக்கொத்து போன்ற தொகைச்சொல் செல்லாது' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அவகாசம்

24 மணி நேரம், 48 மணி நேரம், ஒரு வாரம் மூன்றில் 48 மணி நேரமே நடுநிலை. ஒரு வாரம் கொடுத்தாலும் பெரும்பாலான கதைகள் கடைசி நாள் இரவில்தான் வரும், நடுவில் குழு தூங்கிவிடும். 24 மணி நேரம் என்றால் வேலைக்குப் போகிறவர்கள், குறிப்பாக வீட்டுப் பொறுப்பையும் சுமக்கும் பெண்கள், கழன்றுகொள்வார்கள். வெள்ளி இரவு 8 மணிக்குத் திறந்து ஞாயிறு இரவு 8 மணிக்கு மூடலாம். அது இந்திய, இலங்கை நேரம் என்று எழுதுங்கள். சிங்கப்பூரில் அப்போது இரவு 10.30. டொரன்டோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30.

திறந்து போடுவதா, மூடி வாங்குவதா

குழுவிலேயே நேரடியாகக் கதையைப் போடச் சொன்னால் உற்சாகம் பொங்கும், உடனுக்குடன் கருத்து வரும். ஆனால் முதலில் வந்த மூன்று கதைகள் பின்னால் வருபவற்றின் திசையைத் தீர்மானித்துவிடும். ஒற்றைச் செருப்புப் படத்துக்கு முதல் கதையில் விபத்து வந்தால், அடுத்த பத்தில் ஐந்தில் விபத்து இருக்கும். யாரும் திருடவில்லை, படித்தது மனத்தில் தங்கிவிடுகிறது. சீக்கிரம் எழுதியவருக்கு லைக் சேரக் கூடுதல் நாளும் கிடைக்கிறது.

ஃபார்மில் வாங்கி, கெடு முடிந்ததும் எல்லாவற்றையும் பெயர் நீக்கி, வரிசையைக் கலைத்து, ஒரே ஆவணமாக வெளியிடுவதே நியாயமான வழி. இன்னொரு லாபமும் உண்டு. பல இதழ்களும் போட்டிகளும் சமூக வலைத்தளத்தில் வெளிவந்த படைப்பை ஏற்பதில்லை. மூடிய குழுவுக்குள் ஆவணமாகப் பகிர்ந்தால் எழுதியவர் பின்னால் அதை விரித்து வேறு இடத்துக்கு அனுப்பும் வாய்ப்பு பெரும்பாலும் கெடாது.

யார் தேர்ந்தெடுப்பது

லைக் எண்ணிக்கை: நண்பர் வட்டம் பெரியவர் வெல்வார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பொழுதுபோக்குச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம், பரிசுச் சுற்றுக்கு வேண்டாம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 தெரிவுகளுக்கு மேல் போட முடியாது, யார் எதற்குப் போட்டார்கள் என்பதும் தெரியும். நண்பர் பார்க்கிறாரே என்று ஓட்டு மாறும்.

நடுவர்: மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் என்றால் முட்டிக்கொண்டு நிற்கும். பொதுவாக நடக்கும் பிழை, பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லிக் கூட்டுவது. ஒரு நடுவர் மூன்று கதைகளுக்கு 8, 8, 9 போடுகிறார். இன்னொருவர் அதே கதைகளுக்கு 9, 3, 2 போடுகிறார். கூட்டினால் 17, 11, 11. முதல் நடுவருக்கு மிகவும் பிடித்த மூன்றாவது கதை, இரண்டாமவர் கஞ்சமாகப் போட்டதால் முதல் கதையைவிட ஆறு புள்ளி பின்தங்கிவிடுகிறது. மதிப்பெண் கேட்காதீர்கள், வரிசை கேளுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஏழு கதைகளை வரிசைப்படுத்த, முதலிடத்துக்கு 7, ஏழாமிடத்துக்கு 1 என்று கூட்டினால் தாராள நடுவரும் கஞ்ச நடுவரும் ஒரே எடையில் நிற்பார்கள்.

எழுதியவர்களே வாசகர்கள்: குழு வளர வேண்டும் என்றால் இதுதான் சிறந்தது. ஒவ்வொருவரும் ஐந்து கதை படித்து முதல் மூன்றுக்கு 3, 2, 1 போட வேண்டும். ஐந்துக்கும் இரண்டு வரி கருத்தும் எழுத வேண்டும். பிரித்துக் கொடுக்கக் கதைகளுக்கு எண் போடுங்கள். 30 கதை என்றால், ஒவ்வொருவருக்கும் தன் எண்ணோடு 1, 3, 7, 12, 20 கூட்டிக் கிடைக்கும் கதைகள். 30-ஐத் தாண்டினால் 30-ஐக் கழித்துக்கொள்ளலாம். 4-ஆம் எண்காரர் படிப்பது 5, 7, 11, 16, 24. 25-ஆம் எண்காரர் படிப்பது 26, 28, 2, 7, 15. எந்தக் கதைக்கும் சரியாக ஐந்து வாசகர்கள் அமைவார்கள், ஒருவருக்கும் சொந்தக் கதை போகாது. அடுத்தடுத்த ஐந்தைக் கொடுத்தால் பக்கத்து எண்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்கும். இந்தத் தாவலில் அது பெருமளவு குறைகிறது.

இதில் கெடுவது, சிலர் கதையை அனுப்பிவிட்டு வாசிக்காமல் போய்விடுவது. அவரிடம் போன ஐந்து கதைக்கும் ஒரு வாசகர் குறைவார். மொத்தப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்தினால் அந்த ஐந்து பேருக்கும் அநியாயம். புள்ளியை வாசித்தவர் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியை எடுங்கள். வாசிக்காதவரின் கதை இறுதிச் சுற்றுக்குப் போகாது என்பதையும் விதியாக வைக்க வேண்டும், அறிவிப்பின் முதல் பத்தியிலேயே. ஐந்து வாசகர் என்பதால் சமநிலை நிறைய வரும். அதனால் சராசரியில் முன்னிற்கும் ஆறு கதைகளை மூன்று நடுவர்களிடம் கொடுத்து வரிசை வாங்குவது நல்லது. ஆறு கதை என்றால் அவர்களுக்கு 600 சொல்தான் வேலை. நல்ல எழுத்தாளர்கள்கூட மறுக்காமல் ஒப்புக்கொள்வார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய கதை என்ற சந்தேகம் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் எழுகிறது. கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளின் தீர்ப்பை வைத்துத் தமிழில் எழுதிய ஒருவரை நீக்குவது தவறு. இறுதி ஆறு பேரிடம் முதல் வரைவை அனுப்பச் சொல்லலாம், அல்லது கதை எப்படி வந்தது என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லலாம்.

முடிவு வெளியிடும்போது 30 பேரின் தரவரிசையையும் போடாதீர்கள். 28-ஆம் இடம் என்று பார்த்தவர் அடுத்த முறை வர மாட்டார். முதல் மூன்றையும் இறுதி ஆறையும் மட்டும் அறிவித்து, மற்ற ஒவ்வொருவருக்கும் அவருடைய ஐந்து வாசகர்களின் கருத்துகளைப் பெயரில்லாமல் தனியாக அனுப்புங்கள். புண்படுத்தும் வரி இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருவர் படித்துவிட வேண்டும். 30 பேருக்கு 150 கருத்து, ஒரு மணி நேர வேலை.