தனியாகப் பேசுவதா, வட்டமாக உட்கார்வதா?

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அண்ணி என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "நீ பாண்டிக்குப் போனியே, குரூப் தெரபி... அதுல பாப்பாவைச் சேர்த்துவிட்டா அவ கூச்சம் போயிடுமா?"

அண்ணன் மகள் கல்லூரியில் முதலாண்டு. வருகைப் பதிவுக்குப் பெயரைக் கூப்பிட்டாலே கை நடுங்குகிறது. கேன்டீன் பக்கம் போவதில்லை. நாலு பேர் பார்க்கச் சாப்பிட முடியவில்லை என்று பட்டினியாகவே வீடு திரும்புகிறாள்.

உடனே "சேர்த்துவிடுங்க அண்ணி" என்று சொல்ல வாய் வந்தது. ஏனென்றால் எனக்கு அது அவ்வளவு நல்லது செய்திருக்கிறது. ஆனால் எனக்குக் கேட்ட மருந்து அவளுக்கும் கேட்கும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் யோசித்து, தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் இறந்த பிறகு முதலில் நான் போனது தனி ஆலோசனைக்கு. வாரம் ஒரு நாள், 50 நிமிடம், ஐந்து மாதம். கடலூரிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் மருத்துவமனை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், தெரிந்தவர் ஒருவராவது "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுவார். அதனால் பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்வந்தேன். ஒரு தடவைக்குக் கொடுத்த பணம் எங்கள் வீட்டு ஒரு வார மளிகைச் செலவு. அந்தப் பணம் வீணாகவில்லை. இரவில் தூங்க ஆரம்பித்தது அங்கே போன பிறகுதான். மகன்களிடம் சொல்ல முடியாத கோபத்தைக் கொட்டியதும் அங்கேதான்.

அப்புறம் அந்த ஆலோசகரே, என்னைப் போலத் துணையை இழந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, சிகிச்சையாளர்கள் நடத்த ஒருவரோடு ஒருவர் பேசும் எட்டு வாரக் குழு ஒன்றுக்குப் போகச் சொன்னார். எனக்கு வருத்தமாகிவிட்டது. என்னைக் கழற்றிவிடுகிறார், மலிவான இடத்துக்கு அனுப்புகிறார் என்றே நினைத்தேன். குழு சிகிச்சையைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் எண்ணமும் இதுதான். அதன் தொடக்கத்திலும் பணக் கணக்கு இருந்தது உண்மை. 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், தனித்தனியாகச் செலவு செய்து சிகிச்சை பெற முடியாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒரு முறை ஒன்றாக உட்காரவைத்தார். பாடம் நடத்தத்தான் கூட்டினார். நோயாளிகள் ஒருவருக்கொருவர் தரும் தெம்பே ஒரு சிகிச்சையாக வேலை செய்வதைப் பிறகு கண்டுகொண்டார். ஒரே சிகிச்சை முறையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பல பிரச்சினைகளுக்குப் பலன் ஏறக்குறைய சமமாகவே வந்திருக்கிறது.

பலன் சமம் என்றாலும் அது வரும் வழி வேறு. "ரெண்டு டம்ளர் காபி போட்டுட்டு அப்புறம்தான் ஞாபகம் வருது" என்று ஆலோசகரிடம் சொன்னபோது, "இது இயல்புதான்" என்றார். படித்தவர் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். குழுவில் இரண்டாவது வாரம், கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்கா, யாரும் கேட்காமலே, "அவருக்குச் சேர்த்து இன்னும் சோறு வடிக்கிறேன்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே ஆறுதல்தான். ஆனால் அதே காயம் பட்டவர் வாயிலிருந்து வந்ததால் அது உள்ளே இறங்கியது.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் நான் பட்ட பாட்டை நாலாவது வாரம் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் பையிலிருந்து பேனாவை எடுத்து, என்னென்ன காகிதம் வேண்டும் என்று குறித்துக்கொண்டார். இரண்டு வருடமாக எல்லோரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அன்றுதான் ஒருவருக்கு நான் உதவினேன். தனி ஆலோசனையில் இது நடக்க வாய்ப்பே இல்லை. அங்கே நாம் வாங்கிக்கொள்ள மட்டும்தான் முடியும்.

நம் பழக்கமும் குழுவில்தான் பிடிபடுகிறது. "யார் அழுதாலும் நீங்க உடனே தண்ணி எடுத்துக் கொடுக்கறீங்க. அவங்க அழறதை உங்களால பார்க்க முடியலையா?" என்று குழுவை நடத்துபவர் ஒரு நாள் கேட்டார். ஐந்து மாதம் தனியாகப் பேசியும் வெளிவராத விஷயம் இது. அந்த அறையில் என்னைத் தவிர அழுவதற்கு யார் இருந்தார்கள்?

சரி, போனால் என்ன நடக்கும்? முதலில் குழுவை நடத்துபவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். இந்தக் குழு நமக்குப் பொருந்துமா என்று அவரும் நாமும் பார்த்துக்கொள்ள அது உதவும். எங்கள் குழுவில் எட்டுப் பேர், நடத்துபவர்கள் இருவர், ஒன்றரை மணி நேரம். பொதுவாக ஆறிலிருந்து பத்துப் பேர் வரை இருப்பார்கள். சில குழுக்களில் தொடங்கியவர்களே கடைசி வரை தொடர்வார்கள். சிலவற்றில் புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். துக்கத்துக்கு முதல் வகை நல்லது என்பது என் கருத்து. வாராவாரம் புது முகம் வந்தால் மனம் மறுபடி பூட்டிக்கொள்கிறது. பேசப் பிடிக்காவிட்டால் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. முதல் இரண்டு வாரம் வீடு திரும்பும்போது போனதைவிடப் பாரமாக இருக்கும். அதைப் பார்த்துப் பலர் நின்றுவிடுகிறார்கள். நான்காவது வாரம் வரையாவது போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ரகசியத்தில் மட்டும் தனி ஆலோசனையே மேல். சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்கும் கடமையை 2017 மனநல பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தருபவர்கள் மேல் வைக்கிறது. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் வெளியே பேசமாட்டார் என்பதற்கு அவர் கொடுத்த வாக்குதான் காவல். எங்கள் குழுவில் யாரும் மீறவில்லை. இருந்தாலும் அந்த வித்தியாசம் தெரிந்துதான் போக வேண்டும்.

மூன்றாவது வழி, ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவிக் குழுக்கள். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில் குடியிலிருந்து மீள நினைத்த இருவர் தொடங்கியது. இதைக் குழு சிகிச்சையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். இங்கே சிகிச்சையாளர் கிடையாது, கட்டணம் கிடையாது, எட்டு வாரம் என்ற கணக்கும் கிடையாது. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், மெம்பர்தான். பலர் வருடக்கணக்கில் மீட்டிங் போகிறார்கள். குடியை முழுதாக விட்டு அப்படியே நிலைப்பதில், ஏ.ஏ. வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சில இடங்களில் மேலானது என்று 2020-இல் வந்த காக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அறிக்கை) சொன்னது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் மீட்டிங்கை நம்பி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், அப்புறம் மீட்டிங்.

வாட்ஸ்அப் 'மன அமைதி' குரூப்புகளை இந்த வரிசையில் நான் வைக்கவே மாட்டேன். பொறுப்பானவர் யாரும் இல்லாத இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் காயத்தைத் திறந்து காட்டினால் யார் மூடிவிடுவார்?

குழுவுக்குப் போகக் கூடாத சமயங்களும் உண்டு. தற்கொலை எண்ணம் வலுத்திருப்பவர், காதில் குரல்கள் கேட்டு நிலைகொள்ளாமல் இருப்பவர், அண்மையில் வன்முறைக்கு ஆளானவர், இவர்களுக்கு முதலில் தனிக் கவனிப்புத்தான் வேண்டும். 2015-இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 43.2. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். அதனால் இந்த விஷயத்தில் "குரூப்ல பேசினா சரியாயிடும்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். பேரிடர் முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வதையும் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. சுனாமியும் தானே புயலும் பார்த்த கடலூர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். கூச்சத்துக்குக் குழுதான் சரியான மருந்து என்று தோன்றும். ஆனால் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் தந்த வழிகாட்டுதலில், பெரியவர்களின் சமூகப் பதற்றத்துக்குத் தனியாகத் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் பேச்சுச் சிகிச்சையைத்தான் முன்னால் வைக்கிறது. அதே அமைப்பு 2022-இல், கடுமையில்லாத மனச்சோர்வுக்குக் குழுச் சிகிச்சையைத் தனிச் சிகிச்சைக்கு முன்பே பட்டியலிடுகிறது. நோய்க்குத் தகுந்தாற்போல் வரிசை மாறுகிறது. எனவே பாப்பாவுக்கு முதலில் தனியாக, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம். கொஞ்சம் கால் ஊன்றிய பிறகு குழுவைப் பார்க்கலாம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். நான் நிறுத்தவில்லை. "அண்ணி, குரூப் உங்களுக்குத்தான் வேணும்" என்றேன்.

அண்ணன் வாரத்தில் நாலு நாள் கன்னியக்கோயிலில் குடித்துவிட்டு வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடமாக அதைப் பற்றி அண்ணி யாரிடமும் வாய் திறந்ததில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951-இலிருந்து இருக்கிறது, குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டில் இருப்பவர் மட்டும் போகலாம் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போனா நான் பேசியே ஆகணுமா?"

"வேண்டாம் அண்ணி. சும்மா உட்கார்ந்து கேட்டுட்டு வந்தாப் போதும்."

"உங்க அண்ணனுக்குத் தெரியாம எத்தனை மணிக்குத் திரும்பலாம்?" என்று கேட்டார்.